பனங்கட்டிச் சவர்க்காரம்

காலை ஏழே முக்காலுக்கு இழுவை மேசையில் குழாய் பிளந்தது. பிளந்தது என்பது பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டது. கொட்டிலுக்குள் நின்ற மூன்று பேருக்கும் முதலில் கேட்டது ஒரு அறைச் சத்தம்தான், யாரோ யாருடைய கன்னத்திலோ ஓங்கிப் போட்டதுபோல. அறுந்த துண்டு மேசைக்கு மேலால் பறந்துபோய்ச் சுவர்த் தகரத்தில் குத்தி நின்று ஆடியது. பின்னால் பாய்ந்ததால், மேசையை ஓட்டும் சுதாகரனுடைய கண் தப்பியது. முப்பத்தைந்து வயது ஆள், எளிதில் வெருளுகிறவன் இல்லை. ஆனாலும் மோட்டரை நிறுத்தப் போன அவனுடைய கை சுவிச்சைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முள்ளியவளையில் பெரிய வீதியை விட்டு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் அந்த நிலையம் இருந்தது. முன் கட்டடத்தில் கால் இழந்தவர்களுக்கு அளவெடுத்துப் பொய்க்கால் பூட்டுவார்கள். பின்னால் இருந்த தகரக் கொட்டிலில், அந்தக் கால்களுக்குள் எலும்பாக நிற்கும் அலுமினியக் குழாயைச் செய்வார்கள். கொழும்பிலிருந்து வருவது தடித்த குழாய். காலுக்கு வேண்டியதோ மெல்லியது, எடை குறைந்தது, நூல் பிசகாத அளவுடையது. தடித்ததை மெல்லியதாக்குவதுதான் கொட்டிலின் வேலை.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழாயின் ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டிக் கூராக்கி, உருக்கு வளையம் ஒன்றின் துளைக்குள் செருகுவார்கள். அந்த வளையத்துக்கு டை என்று பெயர். மறுபக்கத்தில் செயினோடு பூட்டிய இரும்புப் பிடி அந்த நுனியைக் கவ்வும். மோட்டர் செயினை இழுக்க, குழாய் துளைக்குள்ளால் ஒடுங்கிக்கொண்டு வெளியே வரும். முதல் இழுவையில் உள்ளே ஒன்றும் இராது. வெளிப்பக்கம் சிறுத்து, சுவர் மட்டும் கொஞ்சம் தடிக்கும். இரண்டாம் இழுவைக்கு, நீண்ட கம்பியின் முனையில் ஒரு உருக்குக் குண்டைக் குழாய்க்குள் விட்டு, டையின் வாய்க்கு நேரே நிறுத்திவிடுவார்கள். வளையத்துக்கும் குண்டுக்கும் நடுவில் நசுங்கி வரும்போது உள்ளும் புறமும் ஒன்றாக அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் இழுக்க இழுக்க அலுமினியத்துக்கு ரோசம் வந்துவிடும். இறுகிப்போய், இனி வளையமாட்டேன் என்று நிற்கும். அந்த நேரத்தில் அதைச் சூடாக்கி ஆற்றிச் சமாதானப்படுத்தாமல் மேலும் இழுத்தால், வெளியில் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு உள்ளே வெடித்துவிடும். அப்படிச் சமாதானப்படுத்துகிற வேலை றோஸ்மேரியுடையது. கொட்டிலின் மூலையில் இருந்த சூளையை எல்லாரும் போறணை என்றுதான் சொல்வார்கள், பாண் சுடுகிற இடம்போல. றோஸ்மேரி நான்கு வருடமாக அந்தப் போறணைக்காரி.

அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து காட்டாது. ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டுத் திடீரென்று உருகி விழுந்துவிடும். அதனால் போறணைக்கு ஒரு வெப்பமானி இருந்தது. வைகாசி மாதம் அது பழுதாகிப்போக, புதியது அடுத்த கிழமை வரும் என்றார்கள். இப்போது கார்த்திகை; அந்த அடுத்த கிழமை இன்னும் வரவில்லை. இடைக்கால ஏற்பாடாக, மேற்பார்வை பார்க்கும் மரியநாயகம் தான் கொழும்பில் கற்ற ஒரு வழியைக் காட்டிக்கொடுத்தார். குழாயின் மேல் சவர்க்காரத்தால் ஒரு கோடு. கோடு கறுத்த மண்ணிறமானால் சூடு போதும், வெளியே எடுக்கலாம். பழைய பட்டறைக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். பிழை சொல்ல முடியாது.

"டை தேஞ்சு போச்சு," என்றார் மரியநாயகம், பிளந்த குழாயைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு. "இதைக் கழிச்சுப் போட்டு அடுத்ததைக் கொழுவுங்கோ. எண்ணெயைக் கூடப் பூசுங்கோ."

சுதாகரன் அசையவில்லை. றோஸ்மேரி குனிந்து பிளந்த துண்டை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பார்த்தாள். வெளியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மீனின் செவுள்போல வரிசையாக மெல்லிய வெடிப்புகள் ஓடின.

கொஞ்ச நாளாகவே இழுவை முனகிக்கொண்டுதான் இருந்தது. செயின் திமிறுவதும், டை வாசலில் குழாய் கீச்சிடுவதும் மூன்று பேருக்கும் கேட்டதுதான். ஒவ்வொருவரும் அதை ஒவ்வொன்றின் தலையில் போட்டார்கள்: மின்சாரம் குறைவு, எண்ணெய் சரியில்லை, மாரிக்குளிர். எத்தனை நாளாக என்று றோஸ்மேரி எண்ணிப் பார்த்தாள். ஆறு கிழமை. அதே ஆறு கிழமைக்குள்தான் போறணை வேலை சுறுசுறுப்பாகியிருந்தது. முன்பு ஐம்பது நிமிடம் எடுத்த குழாய் முப்பது நிமிடத்தில் கோடு கறுத்து வெளியே வந்தது. விறகு மிச்சம் என்று மரியநாயகம் மெச்சினார். தன் கை தேறிவிட்டது என்று அவளும் நம்பினாள். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்.

ஆறு கிழமைக்கு முன் மாறியது ஒன்றே ஒன்று. அது அப்போதும் அவளுடைய சட்டைப் பையில் இருந்தது.

அவளுடைய கடற்கரை ஊரான சிலாவத்தையின் மாதர் சங்கம் அந்தச் சவர்க்காரத்தைப் புரட்டாதியில் செய்யத் தொடங்கியது. தேங்காயெண்ணெய், கொஞ்சம் வேப்பெண்ணெய், நுரை பொங்குவதற்குப் பனங்கட்டி காய்ச்சிய இனிப்புப் பாணி. றோஸ்மேரிதான் சங்கத்தின் செயலாளர். கை கழுவவென்று இரண்டு கட்டி கொண்டுவந்து கொட்டிலில் வைத்தாள். கடையில் வாங்கிய மஞ்சள் சவர்க்காரம் தேய்ந்து துண்டானபோது, கைக்கு எட்டியதை எடுத்துக் கோடு போட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் கைகழுவும் இடத்துக்குப் போய், சுவர்ப் பொந்துக்குள் ஒட்டிக்கிடந்த மஞ்சள் துண்டைச் சுரண்டி எடுத்தாள். ஒரே குழாயில் பக்கத்துப் பக்கமாக இரண்டு கோடு இழுத்து, போறணைக்குள் தள்ளிவிட்டுப் பார்வைத் துவாரத்தின் முன்னால் குந்தினாள். முப்பது நிமிடம் ஆவதற்குள் பனங்கட்டிக் கோடு கறுத்துவிட்டது. மஞ்சள் கோடு மஞ்சளாகவே கிடந்தது. அது கறுக்க இன்னும் இருபது நிமிடம் எடுத்தது.

பாணி நெருப்பில் முதலில் கருகும். குசினியில் ஒரு தடவையாவது பாணி காய்ச்சியவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. போறணைக்கு முன்னால் குந்தியிருந்த ஆறு கிழமையும் மட்டும் தெரியாமல் போயிற்று. தன் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கண்ணை மறைத்தது.

மரியநாயகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டு கோட்டையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் கெட்ட செய்தியை நாளைக்குத் தள்ளிவைத்தால் அது சின்னதாகிவிடும் என்று நம்புகிற ஆள். முன் கட்டடத்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்து எண்ணினார்கள். ஆறு கிழமையில் இருபத்து மூன்று பேருக்குக் கால் பூட்டியிருந்தது. இருபத்து மூன்று பேர் வயலிலும் வீதியிலும் கிணற்றடியிலும் அந்தக் குழாய்களின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டு உதவிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றார் மரியநாயகம். அதுவரைக்கும் பொறுத்து, இன்னும் இரண்டு குழாயை அறுத்துப் பார்த்து, நிச்சயமான பிறகு ஆட்களைக் கூப்பிடலாம் என்றார். நிலையத்தை மூடிவிட்டால் பிறகு யாருக்குமே கால் இல்லை என்றார். அதில் உண்மையும் இருந்தது, அதுதான் கேட்கக் கொடுமையாக இருந்தது.

"அண்ணை, வின்சனும் அதில ஒராள்," என்றாள் றோஸ்மேரி.

மரியநாயகம் புத்தகத்தை மூடினார்.

வின்சன் அவளுடைய புருசன். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில், இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டவன். அதற்குப் பிறகும் கடலை விடவில்லை. படகின் பின்னணியத்தில் இருந்து எஞ்சின் ஓட்டுவான். அவனுடைய பழைய கால் இரண்டு கிழமைக்கு முன்னால்தான் மாறியது. அதற்கான குழாயை றோஸ்மேரியே தெரிந்தெடுத்தாள். தட்டில் அடுக்கியிருந்த பதினொரு குழாயையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, சாவியால் தட்டிப் பார்த்தாள். சில தொம்மென்றன, சில மந்தமாக ஒலித்தன. ஒன்று மட்டும் கிண்ணென்று மணிபோல் கேட்டது. உறுதியானது என்று நினைத்து அதை எடுத்துத் துணியில் சுற்றி, வேறு யாரும் கைபோடாமல் முன் கட்டடத்துக்குத் தானே கொண்டுபோனாள். இப்போது அவளுக்கு விளங்கியது. எல்லாவற்றிலும் கூட இறுகியதுதான் எல்லாவற்றிலும் கூட ஒலிக்கும். இருந்த பதினொன்றில் மிக மோசமானதை அன்போடு பொறுக்கிப் புருசனுக்குப் பூட்டியிருக்கிறாள்.

விடியப்புறம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போனவன் ஒன்பது மணிபோல் கரை பிடிப்பான். உப்புத்தண்ணி இரண்டு போனைத் தின்றுவிட்டதால் அவன் கடலுக்குப் போன் கொண்டுபோவதில்லை. அவனோடு போகும் நிருஷனுக்கு எடுத்தாள், தொடர்பு இல்லை. பக்கத்து வீட்டு வடிவம்மாவுக்கு எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நேரம் எட்டரை தாண்டியிருந்தது.

அவளைக் கரைக்குக் கூட்டிப்போகச் சுதாகரன் மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கி வைத்திருந்தான். போவதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் அந்த இருபத்து மூன்று பெயரும் இருந்த இரண்டு பக்கத்தையும் தன்னுடைய போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான். மரியநாயகம் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

வீதி நெடுக மழை தூறியது. தண்ணீரூற்று ஊரைக் கடந்து கரையோரப் பாதைக்கு ஏறினார்கள். சுதாகரன் முகத்தைத் திருப்பாமலே, தனக்கும் தெரிந்திருந்தது என்றான். ஒவ்வொரு குழாயையும் இழுத்தவன் அவன். செயின் திமிறியது முதலில் அவனுடைய கைக்குத்தான் தெரிந்தது. சொன்னால் வேலைக்குக் கள்ளப்படுகிறான் என்று நினைப்பார்களோ என்று சொல்லவில்லை. அவனுடைய அப்பா மலையகத்திலிருந்து செட்டிகுளத்துக்கு வந்து குடியேறியவர்; வந்த இடத்தில் வேலையைக் குறை சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். றோஸ்மேரி அவனுடைய தோளில் கையை வைத்தாள். யாரை நோவதென்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வாடைக் காற்று தொடங்கியிருந்தது. சிலாவத்தைக் கரையில் மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து நின்றபோது, கடல் கலங்கி மண்ணிறமாகக் கிடந்தது. அலைகள் மூன்று வரியாக உடைந்துகொண்டிருந்தன. நான்கு படகுகள் ஏற்கெனவே மேலே இழுத்து விடப்பட்டிருந்தன. ஐந்தாவது, அவர்களுடைய நீலப் படகு, கடைசி வரி அலைக்கு வெளியே தருணம் பார்த்து நின்றது. முன்னணியத்தில் நிருஷன் கயிற்றோடு குந்தியிருந்தான். பின்னால் எஞ்சின் பிடியில் வின்சன். உயிரோடு, முழுசாக, மழைக்குத் தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

றோஸ்மேரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேலால் குறுக்கும் மறுக்கும் வீசினாள். இறங்காதேங்கோ, இறங்காதேங்கோ என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் அது அவளுடைய காதுக்கே கேட்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. படகு கரை பிடிக்கிற நேரத்தில் வீட்டுப் பெண் அங்கே ஓடி வருவதில்லை. மீன் எடுக்க வருகிறவள் கூடையோடு நடந்துதான் வருவாள். வெறுங்கையோடு ஓடி வருகிறவள் வீட்டிலிருந்து ஒரு சாவைக் கொண்டு வருகிறாள். சுனாமிக்கு முன்னும் பின்னும், சண்டைக்கு முன்னும் பின்னும் அது அப்படித்தான். றோஸ்மேரி அங்கே பிறந்தவள். தன் தாயார் ஒரு தடவை அப்படி ஓடியதைக் கண்டவள். மணலில் கால் வைத்த அந்த நேரத்தில் அது அவளுடைய நினைவில் எங்குமே இல்லை.

வின்சன் கரையைப் பார்த்தான். வேலைக்குப் போன மனுசி வேலை உடுப்போடு, வெறுங்கையோடு ஓடி வருவதைக் கண்டான். அவர்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை, பன்னிரண்டு வயது யதுசா.

மற்ற நாட்களில் அவன் கடைசியாகத்தான் இறங்குவான். மற்றவர்கள் குதித்துப் படகைப் பிடித்து, மணலில் ஏற்றி, அசையாமல் நிறுத்திய பிறகு, இரண்டு பேருடைய தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலை வைப்பான். அவள் சும்மா நின்றிருந்தால் அன்றும் அப்படித்தான் இறங்கியிருப்பான். இந்த எண்ணம் அவளுக்கு அந்த இடத்தில் வரவில்லை. ஆனால் வந்தது, பிறகு போகவும் இல்லை.

அவன் படகை அலைக்குள் செலுத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்தான். நிருஷன் திரும்பி ஏதோ சொன்னான். படகு இரண்டாம் அலையில் ஏறி இறங்க, வின்சன் பக்கவாட்டால் பாய்ந்தான். இடது கால்தான் முதலில் நிலத்தைத் தொட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கணம் நிமிர்ந்து நின்றான். அவளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து, காணாமல் போனான். அடுத்த அலை படகைத் தூக்கியது. ஆளில்லாத எஞ்சினோடு அது குறுக்கே திரும்பி, அவன் விழுந்த இடத்தின் மேல் இறங்கியது.

கரையில் நின்றவர்கள் எல்லாரும் பாய்ந்தார்கள். சுதாகரன் சப்பாத்தோடு பாய்ந்தான். ஆறு பேர் படகை நெம்ப, இரண்டு பேர் அவனை அக்குளில் பிடித்து இழுத்துவந்து மணலில் கிடத்தினார்கள். பொய்க்காலின் குழாய் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நேராக அறுந்திருந்தது. ஆனால் எல்லாரும் பார்த்தது மற்றக் காலை. படகின் அடிமரம் அந்த நல்ல காலின் மேல்தான் இருந்திருக்கிறது. அது இனி காலாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

வின்சன் கடல்தண்ணியைக் கக்கினான். கண்ணைத் திறந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை," என்றாள் றோஸ்மேரி. "பள்ளிக்கூடத்தில நிக்கிறாள்."

அவன் அவளுடைய முகத்தையே பார்த்தான். அவள் பொய் சொல்லவில்லை என்று விளங்கியதும் உடம்பு தளர்ந்தது.

"அப்ப ஏன் ஓடி வந்தனி?"

அவள் சொன்னாள். யாரோ வாகனம் பிடிக்க ஓட, யாரோ சாரத்தைக் கிழித்துக் காலைக் கட்ட, ஈர மணலில் முழங்காலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். சவர்க்காரத்தைச் சொன்னாள். பதினொரு குழாயைத் தட்டிப் பார்த்ததையும், நல்லது என்று நினைத்து எடுத்ததையும் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கேட்பார்களே என்று பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மணிக்கட்டில் இருந்த பிடியை மட்டும் விடவில்லை. வலி வந்த நேரம் அது இன்னும் இறுகியது.

"மற்ற ஆக்களுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டான்.

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைவரைக்கும் யாரும் சொல்லப்போவதில்லை. வாகனம் வந்து அவனை ஏற்றியபோது அவளும் ஏறி, அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சுதாகரன் அனுப்பிய படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். முதலாவது பெயர் ஆண்டியப்பன், ஊர் ஒட்டுசுட்டான். எண்ணை இரண்டு தடவை பிழையாக அடித்தாள்.

எடுத்தது அவருடைய மனைவி பேச்சியம்மா. கால் பூட்டுகிற இடத்திலிருந்து கதைப்பதாக றோஸ்மேரி சொன்னதும் அந்தக் குரலில் சந்தோசம் வந்தது. கால் அருமையாக இருக்கிறதாம், பழையதுபோல் ஆடுவதே இல்லையாம்.

"அவர் எங்கை நிக்கிறார், அம்மா?"

"மழைக்கு வீடு ஒழுகுதுன்னு கூரையில ஓடு மாத்துறாரு. ஏணியிலதான் நிக்கிறாரு. கூப்பிடவா?"

"கூப்பிடாதேங்கோ," என்றாள் றோஸ்மேரி. தன் குரல் அவ்வளவு அமைதியாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. "நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஓடாதேங்கோ. கையைக் காட்டாதேங்கோ, சத்தம் போடாதேங்கோ. சும்மா தேத்தண்ணி குடுக்கப் போறமாதிரி நடந்து போங்கோ. ஏணியை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு, மெதுவா இறங்கச் சொல்லுங்கோ. நல்ல காலைக் கீழ வைச்சு இறங்கட்டும். இறங்கி இருந்தபிறகு மிச்சத்தை நான் சொல்லுறன்."

மறுபக்கத்தில் பேச்சியம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஈர நிலத்தில் அவளுடைய செருப்பு நடந்து போகும் சத்தம், ஒவ்வொரு அடியாக, போனில் கேட்டது.